போலீஸ் வரும், கப்பல் திரும்ப வராது: ஈவ் ஆன்லைனில் சரக்கு ஓட்டிய அனுபவம்

ஐஸ்லாந்து நிறுவனமான சிசிபி கேம்ஸ் உருவாக்கி 2003-ல் வெளியான விண்வெளி விளையாட்டு ஈவ் ஆன்லைன். சீனாவைத் தவிர்த்து உலகமே டிராங்க்விலிட்டி என்ற ஒரே சர்வரில் ஆடுகிறது. சில வருடங்களாக நான் இதில் சண்டைக்குப் போவதில்லை, சரக்கு மட்டும் ஓட்டுகிறேன். பகலில் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் பேப்பர் வேலை, ராத்திரியில் தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் இந்த விளையாட்டின் பெரிய சந்தையான ஜிடாவிலிருந்து லோடு ஏற்றும் வேலை. "இதுக்கும் ஓவர்டைம் தருவாங்களா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புதிதாக வருபவர்கள் நம்பி ஏமாறுவது பாதுகாப்பு எண்ணை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் எண் உண்டு: 0.5 முதல் 1.0 வரை ஹைசெக் (பாதுகாப்பு அதிகம்), 0.1 முதல் 0.4 வரை லோசெக் (பாதுகாப்பு குறைவு), அதற்கும் கீழே நல்செக் (பாதுகாப்பே இல்லை). எங்களோடு ஆடும் வியாசர்பாடி தம்பி வந்த புதிதில் கேட்டான்: "அண்ணே, 0.5-ம் ஹைசெக்தானே, போலீஸ் வரும்ல?" வரும். காங்கார்ட் என்ற அந்தப் போலீஸிடமிருந்து சுட்டவன் தப்பவே முடியாது, அவன் கப்பல் போனது போனதுதான். ஆனால் அவர்கள் வருவதற்குச் சில நொடிகள் ஆகும், 0.5-ல் அந்தத் தாமதம் மிக அதிகம். அந்த இடைவெளிக்குள் கேட்டலிஸ்ட் என்ற மலிவான கப்பல்களில் ஒரு கும்பல் வந்து உங்கள் கதையை முடித்துவிடும். அவர்களும் சாவார்கள். அது அவர்கள் பட்ஜெட்டில் ஏற்கெனவே எழுதிய செலவு.

அதனால் நான் முதலில் பார்ப்பது என் சரக்கின் விலையை. கப்பல் வெடித்தால் உள்ளே இருப்பதில் சராசரியாகப் பாதிதான் மிஞ்சும், மீதி அழிந்துவிடும். கொள்ளைக்காரன் அந்தப் பாதியின் மதிப்பையும், தான் இழக்கப்போகும் கப்பல்களின் மொத்த விலையையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பான். லாபம் நிற்காத அளவுக்குப் பிரித்துப் பிரித்து ஏற்றுவதுதான் என் வழக்கம். இரண்டு நடை கூடுதலாகும், பரவாயில்லை. கடுப்பேற்றுவதற்கென்றே காலிக் கப்பலைச் சுடும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கணக்கும் செல்லாது.

வேட்டை எப்படி நடக்கிறது என்பதை யுவேடாமாவில் பார்க்கலாம். 0.5 மண்டலம், ஜிடாவிலிருந்து போகும் பெரிய பாதைகளின் கழுத்து. அடுத்த மண்டலத்துக்குத் தாவும் கேட் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் எதுவும் செய்யாமல் சும்மா நிற்கும். அது கார்கோ ஸ்கேனரால் உங்கள் வயிற்றுக்குள் இருப்பதை எட்டிப்பார்க்கும், அது குற்றமில்லை என்பதால் போலீஸ் கண்டுகொள்ளாது. அடுத்து மக்கேரியல் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்று வந்து பக்கவாட்டில் இடிக்கத் தொடங்கும். ஃபிரெய்ட்டர் என்ற பெரிய சரக்குக் கப்பல் சென்னைத் துறைமுக ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் மாதிரி, திரும்பவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு இடியிலும் திசை மாறும், வார்ப் (அதிவேகப் பாய்ச்சல்) தள்ளிப்போகும். அதுவரை ஸ்டேஷனுக்குள் பதுங்கியிருந்த கேட்டலிஸ்ட்கள் அப்போதுதான் வெளியே வரும். ஆட்டக்காரருக்கும் தனியாக ஒரு பாதுகாப்பு மதிப்பு உண்டு, குற்றம் செய்தால் குறையும்; அது மைனஸ் 5-க்குக் கீழே போனவர்களை யார் வேண்டுமானாலும் சுடலாம் என்பதால் கடைசி நிமிடம் வரை அவர்கள் தலைகாட்ட மாட்டார்கள். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் டி-ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியானால் போச்சு. மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் லோக்கல் சாட் பட்டியலில் அந்தக் குற்றவாளிகளின் அடையாளமான சிவப்பு மண்டை ஓடுகள் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

கருவிகளில் நான் அதிகம் நம்புவது செத்த கப்பல்களைப் பதிவு செய்யும் ஸீகில்போர்டு இணையதளம். செத்த கப்பல், நேரம், எந்தக் கேட், அடித்தவர்கள் எதில் வந்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஃபிரெய்ட்டரைக் கேட்டலிஸ்ட் கூட்டம் அடித்திருந்தால் அது என் பிரச்சினை. இரண்டு கார்ப்பரேஷன்கள் (ஆட்டக்காரர் குழுக்கள்) தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தால் நான் பாட்டுக்குப் போகலாம். விளையாட்டின் சொந்த வரைபடம் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், அதைத் தனியாகப் பார்த்துப் பயப்படுவது வீண். ஆனால் அதே வரைபடத்தில் கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை கப்பல்கள் தாண்டின என்றும் தெரியும். ஆயிரக்கணக்கில் தாண்டியதில் மூன்று செத்தால் ஒரு பொருள், இருபது தாண்டியதில் மூன்று செத்தால் வேறு பொருள். ஒன்றுமே சாகாத மண்டலத்தில் ஒருவேளை யாருமே போயிருக்க மாட்டார்கள்.

லோசெக் வேறு ரகம். ரான்சர் மாதிரி இடங்களில் சுற்றியிருப்பதையெல்லாம் அடிக்கும் ஸ்மார்ட்பாம் மாட்டிய பெரிய கப்பல்களைக் கேட்டில் நிறுத்தி வைப்பார்கள். குறிவைக்கத் தேவையில்லை, வந்து இறங்கியதுமே தூள். பாட்களும் (கப்பல் வெடித்தால் ஓட்டுபவர் தப்பும் கூடு) ஷட்டில்களும் அடுத்தடுத்து செத்ததாகக் கில்போர்டு காட்டினால் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. முன்பு ஜிடாவிலிருந்து இன்னொரு சந்தையான அமாருக்கு நியார்ஜா மண்டலம் வழியாக 9 ஜம்ப்தான் (ஒரு கேட் தாண்டினால் ஒரு ஜம்ப்). 2020-ல் நியார்ஜா, விளையாட்டின் கதையில் வரும் டிரிக்லாவியன்கள் என்ற எதிரிகள் கைக்குப் போனதும் ஹைசெக் பாதை பல மடங்கு நீண்டுவிட்டது. இப்போது சிறிய, விலை கூடிய சரக்கென்றால் பிளாக்கேட் ரன்னர் என்ற சிறிய சரக்குக் கப்பலில் மறைந்தபடியே போகிறேன். அதன் வயிற்றை ஸ்கேனரால் பார்க்க முடியாது என்பது பெரிய நிம்மதி.

இதையெல்லாம்விட உதவுவது முன்னால் போகும் ஆள். இலவச ஆல்ஃபா கணக்கை இன்னொரு கணக்கோடு ஒரே நேரத்தில் திறக்க விடமாட்டார்கள், அதனால் நண்பன் வேண்டும். தம்பி ஒரு ஜம்ப் முன்னால் ஃபிரிகேட் என்ற சின்னக் கப்பலில் போய், "அண்ணே, கேட் சுத்தம், வாங்க" என்பான். நான் தாண்டியதும் என் மேல் வெப் (வேகத்தைக் குறைக்கும் கருவி) போடுவான். ஃபிரெய்ட்டரின் உச்ச வேகம் குறைவதால், அந்தக் குறைந்த வேகத்தை நொடிகளில் எட்டி வார்ப் ஆகிவிடும். இடிக்க வந்தவன் காற்றைத்தான் இடிப்பான்.

நேரம் நமக்குச் சாதகம். சர்வர் தினமும் நம்மூர் நேரம் மாலை 4:30-க்கு மூடித் திறக்கும். நான் வேலை முடித்து உட்காரும் ஏழு, ஏழரை மணிக்கு ஐரோப்பா இன்னும் ஆபீஸில்தான் இருக்கும். நள்ளிரவு நெருங்கினால் கூட்டம் சேர்ந்துவிடும், அதற்குள் லோடு இறங்கியிருக்க வேண்டும்.

சிக்கல் நவம்பர் மழைதான். லைன் போனால் கப்பல் தானாக ஓர் அவசர வார்ப் எடுத்து ஒதுங்கும், ஆனால் எதிரி ஏற்கெனவே வார்ப்பைத் தடுக்கும் ஸ்கிராம் போட்டுப் பிடித்திருந்தால் நகரவே நகராது. வானிலை மையம் தாழ்வு மண்டலம் என்று சொன்னால் அந்த வாரம் ஃபிரெய்ட்டரை வெளியே எடுப்பதில்லை, ஜிடாவிலேயே வாங்கி விற்பதோடு சரி.