'சியாவோ இத்தாலியா': 29 வயது மடோன்னாவைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை

அமெரிக்கப் பாப் பாடகி மடோன்னாவின் மேடை நிகழ்ச்சி என்றால் எல்லாரும் 1990 சுற்றுப்பயணத்தைத்தான் சொல்வார்கள். கூம்பு வைத்த அந்த உள்ளாடை, உச்சியில் இழுத்துக் கட்டிய முடி, ஒவ்வொரு அசைவும் அளந்து வைத்த மாதிரியான நடனம். நானும் பல வருடம் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1987 சுற்றுப்பயணத்தின் மேடைப் பதிவான 'சியாவோ இத்தாலியா'வைத் துண்டு துண்டாகக் கணினியில் பார்த்திருந்தேனே தவிர, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்தது இந்த டிவிடி கைக்கு வந்த பிறகுதான். பார்த்து முடித்ததும் மறுபடியும் போட்டேன், இரண்டாவது தடவை ஹெட்போனில்.

எங்கே எடுத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 செப்டம்பர் 4, இத்தாலியின் டூரின் நகரம், கால்பந்து மைதானம், 60,000-க்கும் மேல் கூட்டம். அன்று இத்தாலியின் தேசியத் தொலைக்காட்சியான ராய் நேரடியாக ஒளிபரப்பிய நிகழ்ச்சி இது. அடுத்த வருடம் வீடியோ கேசட்டாக வந்து, 1999-இல் டிவிடி ஆனது. 1985-இல் மடோன்னாவின் முதல் சுற்றுப்பயணம் அமெரிக்கா, கனடாவோடு முடிந்துவிட்டது. அதனால் 1987-இல் போனதுதான் கடல் தாண்டிய முதல் பயணம்: ஜூனில் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கி, அமெரிக்கா முழுக்கச் சுற்றி, ஆகஸ்டில் இங்கிலாந்து, அப்புறம் ஐரோப்பா, கடைசியில் இத்தாலி. டூரினுக்கு இரண்டு நாள் கழித்து ஃப்ளோரன்ஸில் பயணம் முடிந்தது. அதாவது நாம் பார்ப்பது ஏறக்குறைய மூன்று மாதம் ஓடி ஓடித் தேய்ந்து பழகிய ஒரு குழுவை. அந்தப் பழக்கம் முதல் பாட்டிலேயே தெரிகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மடோன்னாவின் அப்பா வழித் தாத்தா பாட்டி இத்தாலியின் பாச்சென்ட்ரோ என்ற மலையூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள். அவர்களுடைய பேத்தி, சிக்கோனே என்ற அதே குடும்பப் பெயரோடு திரும்பி வந்து, ஒரு மைதானம் முழுக்க நிற்கிற இத்தாலியர்களிடம் இத்தாலிய மொழியிலேயே பேசுகிறார். சரளமான இத்தாலியன் இல்லை, மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்கள் என்று கேட்டாலே தெரியும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் போடுகிற சத்தத்தைக் கேட்டு அவர் முகத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பைப் பிந்தைய பயணங்களில் நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த மடோன்னா கூட்டத்தை ஆண்டார், மிரட்டினார், வசப்படுத்தினார். இங்கே அவருக்குக் கூட்டம் பிடித்திருக்கிறது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். மேடை நடுவில் ஒரு பெரிய படிக்கட்டு, படம் காட்டப் பெரிய திரைகள். இன்றைய கண்ணுக்கு எளிமையாகத்தான் தெரியும். கறுப்புக் கோர்செட்டும் வலைக் காலுறையுமாக 'ஓப்பன் யுவர் ஹார்ட்' பாடலில் இறங்கி வருகிறார், கூட ஆடுவதற்கு 13 வயதுப் பையன் ஒருவன். 'ட்ரூ ப்ளூ'வுக்கு ஐம்பதுகளின் பள்ளி விருந்துக்குப் போகிற பெண்ணைப் போல நீல கவுன். அதன் மேலேயே ஒரு தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு 'பாப்பா டோன்ட் ப்ரீச்'.

இந்தப் பாட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்யாணமாகாமல் கர்ப்பமான ஒரு பெண், குழந்தையை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்கிற பாட்டு. பின்னால் திரையில் போப் இரண்டாம் ஜான் பால் முகமும் அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் முகமும் வருகின்றன. முடிவில் பாதுகாப்பான உடலுறவு பற்றிய இரண்டே சொற்கள் பெரிய எழுத்தில் வருகின்றன. இதை இத்தாலியில், தேசியத் தொலைக்காட்சியில் நேரடியாகப் போகிற ஒரு நிகழ்ச்சியில் செய்கிறார். 1987 என்பது எய்ட்ஸ் என்ற சொல்லைக்கூட அரசியல்வாதிகள் தயங்கித் தயங்கிச் சொன்ன காலம். மடோன்னாவின் நெருங்கிய நண்பர் மார்ட்டின் பர்கோய்ன் அதற்கு முந்தைய நவம்பரில்தான் எய்ட்ஸால் இறந்திருந்தார். இதே பயணத்தில் ஜூலை 13 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்காகவே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இவ்வளவும் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் திரை எழுத்து வெறும் பரபரப்புக்காக வைத்ததாகத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

இசைக்குழுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இசைப் பொறுப்பு பேட்ரிக் லெனர்டுடையது. 'லிவ் டு டெல்', 'லா இஸ்லா போனிட்டா', 'ஹூஸ் தட் கேர்ள்' எல்லாம் மடோன்னாவோடு சேர்ந்து அவர் எழுதியவைதான். பாட்டைப் போட்டவரே மேடையில் கீபோர்டில் இருப்பதால், ஆல்பத்தில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டுப் போகிற வேலை இங்கே இல்லை. முன்னிசை நீள்கிறது, நடுவில் தாளம் மட்டும் தனியாக நிற்கிறது, அப்புறம் பாட்டு திரும்ப வருகிறது. டிரம்ஸில் ஜோனதன் மொஃபெட். ஜாக்சன் சகோதரர்களோடு வாசித்து வந்தவர், அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழும். 'லா இஸ்லா போனிட்டா'வில் லூயிஸ் கோன்டேயின் கை வாத்தியங்களை மட்டும் ஹெட்போனில் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், சிவப்பு ஸ்பானிய கவுனைக்கூட மறந்துவிடுவீர்கள். பின்பாட்டில் நிக்கி ஹாரிஸ், டோனா டி லோரி. இருவரும் மடோன்னாவோடு சேர்ந்தது இந்தப் பயணத்தில்தான். 2001 பயணம் வரை கூடவே வந்தார்கள். அந்தக் கூட்டணி எப்படித் தொடங்கியது என்று பார்ப்பதற்காகவே எனக்கு இந்த டிவிடி வேண்டும்.

குரலைப் பற்றி நேராகவே சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது. ஓடி ஆடிக்கொண்டே பாடுகிறபோது வரிகளின் கடைசிச் சொல் காற்றோடு போகிறது, சில இடங்களில் சுருதி கொஞ்சம் கீழே இறங்குகிறது. 'வேர்ஸ் தி பார்ட்டி'யில் ஒரு வரியைப் பாதியிலேயே விட்டுவிடுகிற மாதிரிகூட இருக்கிறது. எனக்கு இது குறையே இல்லை. ஒருத்தி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிஜமாகவே உழைக்கிறாள் என்பது காதில் கேட்கிறது. பதிவுக்கூடத்தில் திருத்தி மினுக்கிய நேரடி ஆல்பங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சுத்தமான பாட்டுக் கச்சேரிதான் வேண்டும் என்பவர்கள் வேறு வட்டைத் தேடிக்கொள்ளலாம்.

'லிவ் டு டெல்' தனி. அதுவரை ஆட்டமும் கூத்துமாகப் போன மேடை காலியாகிவிடுகிறது. நடனக்காரர்கள் இல்லை. ஒரே ஒரு விளக்கு, அதன் கீழே அவர். அசைவே இல்லாமல் பாடுகிறார். நடுவில் இசை கிட்டத்தட்ட நின்றுபோகிற அந்த இடம் வருகிறதே, பாட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தரையில் அப்படியே சாய்ந்து ஒடுங்கிவிடுகிறார். அந்த மௌனத்தை அவ்வளவு பெரிய மைதானத்தில் நீட்டிப் பிடிக்கத் துணிச்சல் வேண்டும். அப்புறம் மெதுவாக எழுகிறார், குரல் திரும்ப வருகிறது. மார்ட்டினுக்காக நியூயார்க்கில் சமர்ப்பித்த பாட்டு இது. இங்கே மேடையில் அவர் பெயரைச் சொல்லவே தேவையில்லை.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை காட்சிகளை வெட்டி ஒட்டிய விதம். இயக்குநர் எக்பர்ட் வான் ஹீஸ் நடனம் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்துக் கூட்டத்தைக் காட்டுகிறார். ஷாபா-டூ போன்ற ஒரு நடனக்காரர் மேடையில் இருக்கும்போது காலைக் காட்டாமல் தோளுக்கு மேலே மட்டும் காட்டினால் எப்படி? இரண்டாவது, டூரின் நிகழ்ச்சி என்று போட்டுவிட்டு டோக்கியோ, ஃப்ளோரன்ஸ் காட்சிகளையும் இடையில் சேர்த்திருக்கிறார்கள், கவனித்துப் பார்த்தால் ஒரே பாட்டுக்குள் முடி மாறுவது தெரியும். ஒரே இரவின் ஓட்டம் அங்கங்கே அறுபடுகிறது, எனக்கு அது உறுத்தியது. மூன்றாவது, 'ஒயிட் ஹீட்'. தொப்பியும் மழைக் கோட்டுமாகப் பழைய ரவுடிப் படம் மாதிரி ஒரு காட்சி, துப்பாக்கி விளையாட்டு. அன்றைக்கு ரசித்திருப்பார்கள், இன்று அந்த இடம் இழுக்கிறது. பழங்கள், பூக்கள், இறகுகள் எல்லாம் ஒட்டிய தொப்பியோடு 'ட்ரெஸ் யூ அப்', 'மெட்டீரியல் கேர்ள்', 'லைக் எ வர்ஜின்' மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பாடுவது மட்டும் கலகலப்பு. தன்னைப் பெரிய ஆளாக்கிய பாட்டுகளையே இப்படி வைத்து விளையாட அவரால் முடிகிறது.

படத் தரம் அந்தக் காலத்து வீடியோதான். பழைய டிவி வடிவம், சிவப்பு விளக்கில் முகம் கரைந்துபோகும், பெரிய திரையில் போட்டால் இன்னும் மங்கும். நான் மடிக்கணினியில் பார்த்ததுதான் நன்றாக இருந்தது. ஒலி ஸ்டீரியோ, அது நன்றாகவே இருக்கிறது. நான் வாங்கியது ஒரு பழைய கடையில் கிடைத்த பயன்படுத்திய வட்டு. சரியாக 'தி லுக் ஆஃப் லவ்' வரும்போது சிக்கி நின்றது. மெல்லிய துணியில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்த பிறகுதான் ஓடியது. வாங்குகிறவர்கள் கடையிலேயே வட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்து வாங்குங்கள்.

முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால் 'லிவ் டு டெல்' தொடக்கத்திலிருந்து போடுங்கள். அந்தப் பாட்டு முடிந்து 'இன்டு தி க்ரூவ்' வருகிறது. ஜாக்கெட்டில் ஒரு 'யூ' எழுத்து, ஒரு தகர டப்பாவின் (ஆங்கிலத்தில் 'கேன்') படம், 'டான்ஸ்' என்ற சொல், மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் படித்தால் 'உன்னால் ஆட முடியும்' என்று வரும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் தரையில் ஒடுங்கிக் கிடந்தவர் இப்போது அந்த ஜாக்கெட்டோடு குதித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் மொஃபெட் அடிக்கிறார், மைதானம் முழுக்கக் கைகள்.