கொரிய இடைவெளி: விதி நூலா, பார்த்தெழுதலா, பிழைதிருத்தியா?

ஹங்குல் எழுத்துகளைச் சில நாட்களில் படித்துவிடலாம் என்பது உண்மைதான். அந்த எழுத்துகளை எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதற்குச் சில நாட்கள் போதாது. சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதும் இந்த முறைக்கு 'தியோசுகி' என்று பெயர்; அதைச் சொன்னால் கொரியர்களே சலித்துக்கொள்வார்கள். இடைவெளி தவறினால் 'அப்பா அறைக்குள் போகிறார்' என்பது 'அப்பா பைக்குள் போகிறார்' ஆகிவிடும் என்ற பழைய வேடிக்கையைப் பெரும்பாலான ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். நடைமுறையில் யாரும் அப்பாவைப் பைக்குள் அனுப்புவதில்லை. மாணவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு.

கற்க மூன்று வழிகள் உண்டு. 1988-இல் அறிவிக்கப்பட்டு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எழுத்துமுறை விதிகளைப் படிப்பது ஒன்று. நல்ல உரைநடையைக் கட்டம் போட்ட 'வோங்கோஜி' தாளில் பார்த்தெழுதிக் கையைப் பழக்குவது இரண்டாவது. இதைக் கொரியர்கள் 'பில்சா' என்பார்கள். எழுதியதைப் பிழைதிருத்தியில் ஒட்டி, அது காட்டும் திருத்தங்களிலிருந்து கற்பது மூன்றாவது. நான் விதிகளின் பக்கம் போனேன். முழு நூலும் தேவைப்படவில்லை, அதில் ஒரு பகுதியே போதுமானதாக இருந்தது.

பிழைதிருத்தியின் வசதியை விளக்கத் தேவையில்லை. இலவசம், உடனடி. கொரியத் தேடுதளமான நேவரின் திருத்தி இடைவெளிப் பிழையைப் பச்சை நிறத்தில் காட்டுகிறது. பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான திருத்தி காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கற்பவருக்கு அதுவே மேல். ஆனால் கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கின் தேர்வுக்கூடத்தில் இரண்டுமே கிடையாது. இரண்டாம் நிலைத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு 50 நிமிடம்; கடைசிக் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துகள் வரை கட்டத்தாளில் எழுத வேண்டும். இடைவெளிக்கும் ஒரு கட்டம் போவதால், சேர்த்தோமா பிரித்தோமா என்பது பளிச்சென்று தெரியும்.

பார்த்தெழுதுவதில் எனக்கு ஓரளவு மரியாதை உண்டு. வாக்கிய ஓட்டம் அதில்தான் படிகிறது. குறை என்னவென்றால், கொரிய விதிகளில் 'இப்படித்தான்' என்பதும் 'இப்படியும் சரி' என்பதும் கலந்து கிடக்கின்றன. 'மோகோ போதா' என்றால் சாப்பிட்டுப் பார். நம்மைப் போலவே அவர்களும் 'பார்' என்பதைத் துணைவினையாக்கி முயற்சியைச் சொல்கிறார்கள். விதிப்படி அதைப் பிரித்தெழுத வேண்டும், சேர்த்தாலும் தவறில்லை. எனவே ஒரு பதிப்பகத்தின் நூலில் பிரிந்தும், நாளிதழில் சேர்ந்தும் வரும். இரண்டையும் பார்த்தெழுதிய கைக்கு, எது கட்டாயம், எது சலுகை என்று தெரியாது.

முடிவைத் தீர்மானித்தது இந்தக் கட்டாயப் பகுதிதான். கொரியத்தில் தனித்து நிற்க முடியாத சின்னப் பெயர்ச்சொற்கள் சில உண்டு. 42-ஆம் விதி அவற்றைப் பிரித்தெழுதச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பலவற்றுக்கு அதே உருவத்தில் ஓர் இரட்டை இருக்கிறது. அந்த இரட்டை இடைச்சொல்லாகவோ வினை விகுதியாகவோ இருக்கும். அதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

தமிழர்களுக்கு 'தேரோ' என்ற சொல் நல்ல தொடக்கம். அது ஏறத்தாழ நம் 'படி'. 'சட்டப்படி' என்பதற்கு 'பொப்தேரோ'. முன்னால் இருப்பது பெயர், எனவே சேர்க்க வேண்டும். 'சொன்னபடி' என்பதற்கு 'மால்ஹான் தேரோ'. முன்னால் பெயரெச்சம், எனவே பிரிக்க வேண்டும். நாம் 'சொன்னபடி' என்று சேர்த்தே எழுதிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் கொரியத்திலும் கையை இழுக்கும். ஆனால் பெயரெச்சத்தை அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் பெயரெச்சமா, பெயரா என்ற ஒரே கேள்வியில் 'தேரோ', 'அளவு' என்ற பொருளுள்ள 'மான்கும்', 'மட்டுமே' என்ற பொருளுள்ள 'ப்புன்' ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. 'செய்ய முடியும்' என்ற 'ஹால் சு இத்தா'வும் இதே கணக்குத்தான். குறுஞ்செய்தியில் கொரியர்களே அதை ஒட்டி எழுதுவார்கள். தேர்வுத் தாளில் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

இந்தக் கேள்விக்கு அடங்காதவையும் உண்டு. 'ஓன் ஜி' என்று பிரித்தால் 'வந்து இத்தனை காலம்'. 'ஓனுன்ஜி' என்று சேர்த்தால் 'வருகிறாரா என்று'. பின்னால் கால அளவு வந்தால் பிரிக்க வேண்டும். 'கானுன் தே' என்பதில் 'தே' இடத்தையோ செயலையோ குறித்தால், அதன் பின் 'எ' என்ற வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்க்கலாம். பொருந்தினால் பிரிக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அது 'போகிறேன், ஆனால்' என்பது போன்ற விகுதி. முரண்டு பிடிப்பது 'மான்'. 'சாம் ந்யோன்மான்' என்றால் மூன்றாண்டு மட்டும். 'சாம் ந்யோன் மானே' என்றால் மூன்றாண்டு கழித்து. இரண்டிலும் முன்னால் பெயர்தான். பொருளைப் பார்த்தே பிரிக்க வேண்டும். பிரித்தாலும் சேர்த்தாலும் சரியான கொரியமாகிவிடும் இத்தகைய இடங்களில், நாம் என்ன சொல்ல வந்தோம் என்பது திருத்திக்கு எப்படித் தெரியும்?

விதிகளின் மீதிப் பகுதி அவ்வளவு பெரிதல்ல. வேற்றுமை உருபுகள் பெயரோடு சேரும். நமக்கு அது பிறவிப் பழக்கம். (கொரியப் பள்ளி இலக்கணம் உருபையும் ஒரு சொல்லாகவே எண்ணுகிறது. 'ஒவ்வொரு சொல்லையும் பிரி' என்று சொன்ன கையோடு, 'உருபை மட்டும் சேர்' என்று தனி விதி போட்டது அதனால்தான்.) எண்களைச் சொல்லால் எழுதினால் பத்தாயிரத்துக்கு ஓர் இடைவெளி. குடும்பப் பெயரும் இடுபெயரும் சேரும், அவற்றோடு வரும் பதவிப் பெயர் போன்றவை பிரியும்.

விதி கைவிடும் இடம் கூட்டுச்சொல். 'நம் நாடு' என்ற 'உரினாரா' ஒரே சொல். 'நம் பள்ளி' என்ற 'உரி ஹாக்யோ' இரண்டு சொல். எந்தத் தர்க்கத்தாலும் இதை ஊகிக்க முடியாது. இங்கே மட்டும் நான் திருத்தியை நம்புகிறேன். அலுவலக அறிக்கை போன்ற நீண்ட ஆவணங்களை நான் அதில் ஓட்டிப் பார்த்ததில்லை. கட்டுரை அளவுக்கு அது போதும். ஐயம் தீராவிட்டால் தேசியக் கொரிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதியில் சொல்லைத் தேடலாம். தலைச்சொல்லின் நடுவே சிறுகோடு இருந்தால் அது ஒரே சொல், சேர்த்தெழுத வேண்டும். கூரை போன்ற குறி இருந்தால் பிரிப்பதே விதி, சேர்க்கவும் அனுமதி உண்டு. தலைச்சொல்லாகவே இல்லையென்றால் பிரித்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.