லினக்ஸ் கருவியை விண்டோஸ்காரர் கையில் கொடுக்க: டபிள்யூஎஸ்எல், சிக்வின், எம்சிஸ்2

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம்மவர்களிடம், “லினக்ஸில் ஓடும் இந்தக் கட்டளை வரிக் கருவியை விண்டோஸுக்கு எப்படிக் கொண்டுபோவது?” என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமல் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் வசதி) என்பார்கள். தம் மடிக்கணினியை மனத்தில் வைத்துச் சொல்லும் பதில் அது. நிரலைப் பிறருக்குக் கொடுக்கும் பொதியாகக் கட்டுகிறவன் பார்க்க வேண்டியது, அதைப் பிரிக்கப்போகிறவரின் கணினியை.

பேச்சுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பினாங்குக் கோயில்களின் பழைய தைப்பூச மலர்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தேடக்கூடிய உரையாக மாற்ற வேண்டும். எழுத்தை அறிய டெசரெக்ட். எச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி 2005இல் திறமூலமாக வெளிவந்தது, தமிழுக்கான பயிற்சித் தரவும் அதற்கு உண்டு. கோணலான பக்கத்தை நிமிர்த்த இமேஜ்மேஜிக். இரண்டையும் வரிசையாக ஓட்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை அடுக்கி எழுதிய கோப்பு. லினக்ஸில் இது ஒரு மதிய வேலை. ஆனால் இதை ஓட்டப்போகிறவர் சங்கச் செயலாளர். அவர் மேசையில் இருப்பது விண்டோஸ். அதன் நிர்வாகிக் கடவுச்சொல் மகனிடம் இருக்கும், அல்லது கணினி விற்ற கடைக்காரரிடம் இருக்கும்.

டபிள்யூஎஸ்எல்லை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சண்டை குறைவு. 2016இல் வந்த முதல் வடிவம் நிரல்கள் லினக்ஸிடம் வேலை சொல்லும் கணினி அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றிக் கொடுத்தது. 2020இல் பரவலாகக் கைக்கு வந்த இரண்டாவது வடிவம் லினக்ஸின் மையப் பகுதியான உண்மையான கருவையே ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறது. அதனால் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஓடியது அப்படியே ஓடும். எல்லாவற்றையும் நிறுவிய சூழலை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து இன்னொரு கணினியில் இறக்குமதி செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் அதை இயக்கிவைக்க நிர்வாகி உரிமை வேண்டும். கணினி எழும்போதே ஓடும் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்கம் திறந்திருக்க வேண்டும். செயலாளரை பயோஸ் திரைக்குள் தொலைபேசியில் வழிநடத்த எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று: ஸ்கேன் படங்கள் விண்டோஸின் சி டிரைவில் இருந்தால், இரண்டாவது வடிவம் அவற்றை ஒரு வலைப்பின்னல் நெறிமுறை வழியாகவே எட்டுகிறது. நூற்றுக்கணக்கான படங்கள் என்றால் மந்தம் கண்ணுக்குத் தெரியும். என் சொந்த வேலைக்கு நான் டபிள்யூஎஸ்எல்தான் வைத்திருக்கிறேன். பிறருக்குக் கொடுக்க மாட்டேன்.

லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வினின் கதை 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்குகிறது. அதன் உயிர் ஒரே ஒரு டிஎல்எல் கோப்பில் (நிரல்கள் ஓடும்போது கூப்பிடும் நூலகக் கோப்பு) இருக்கிறது. நிரல் லினக்ஸிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டு பேசும். அந்த டிஎல்எல் அதை விண்டோஸுக்குச் சொல்லும். மூல நிரலைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம், சிக்வினுக்குள் மறுபடி கம்பைல் செய்தால், அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால், போதும். பொதி கட்ட சிக்போர்ட் என்ற கருவியும் உண்டு. உரிமமும் 2016இல் எல்ஜிபிஎல் என்ற தளர்ந்த திறமூல உரிமத்துக்கு மாறி இளகியது. அதற்கு முன் அந்த டிஎல்எல் கடுமையான ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருந்ததால், மூலத்தை வெளியிடாத மூடிய நிரலோடு சேர்த்துக் கொடுப்பது பெரும் தலைவலி.

சிக்வினின் நோய் ஃபோர்க், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் (செயல்முறை) தன்னைப் போல் இன்னொன்றைப் பெற்றெடுப்பது. லினக்ஸில் ஒரு செயல்முறை தன்னைப் போல் இன்னொன்றைப் பெற்றெடுக்க நினைவகத்தை நகலெடுப்பதில்லை. இருவரும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு, யாராவது எழுதும்போதுதான் பிரிவார்கள். விண்டோஸ் நிரல்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே சிக்வின் புதிதாக ஒரு செயல்முறையைத் தொடங்கி, தாயின் நினைவகத்தை அதற்குள் கைப்படக் கொட்டுகிறது. ஒவ்வொரு டிஎல்எல்லும் தாயிடம் இருந்த அதே முகவரியில் பிள்ளையிடமும் ஏற வேண்டும். வைரஸ் தடுப்பான் ஒன்று இடையில் புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஃபோர்க் விழும். இப்படித் தொல்லை தரும் மென்பொருள்களுக்கு ஒரு பட்டியலே சிக்வின் திட்டம் வைத்திருக்கிறது. நம் ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு நாலைந்து சிறு கட்டளைகளைக் கூப்பிடுகிறது. இருநூறு பக்க மலர் என்றால் ஆயிரம் பிரசவம்.

விண்டோஸில் நிரல் கட்டும் கருவித் தொகுப்பான எம்சிஸ்2 இங்கே வித்தியாசமானது, ஆனால் பலர் நினைக்கிற வகையில் அல்ல. கட்டளைகளை வாங்கி ஓட்டும் அதன் ஷெல்லும் சிக்வினிலிருந்து கிளைத்ததுதான். ஃபோர்க் நோய் அங்கேயும் உண்டு. அது தரும் உண்மையான நன்மை, உள்ளே இருக்கும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 கம்பைலர். அதில் கட்டிய நிரல் இடைத்தரகர் டிஎல்எல் இல்லாமல் நேரே விண்டோஸ் நிரலாகவே பிறக்கிறது. ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் பொதி நிர்வாகியான பேக்மேனையும் அதன் பொதிச் செய்முறைக் கோப்பு வடிவத்தையும் எம்சிஸ்2 அப்படியே எடுத்துக்கொண்டதால், ஆர்ச் தெரிந்தவர்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. டெசரெக்ட், இமேஜ்மேஜிக் இரண்டும் ஏற்கெனவே பொதிகளாக இருக்கின்றன. நிரலுக்குத் தேவையான டிஎல்எல்களின் பட்டியலை ஒரு கட்டளையில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு ஜிப் செய்து கொடுத்துவிடலாம். நிறுவவே வேண்டாம்.

இதற்கு விலை: ஃபோர்க்கை நம்பி எழுதிய நிரல் இதில் கம்பைல் ஆகாது. ஷெல் ஸ்கிரிப்டையும் விண்டோஸின் சொந்தக் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் திருப்பி எழுத வேண்டும். எழுதும்போது பெயர் மோதல்களைக் கவனியுங்கள். இமேஜ்மேஜிக்கின் பழைய கட்டளை கன்வர்ட். அதே பெயரில் விண்டோஸிலும் ஒரு கட்டளை இருக்கிறது. அதன் வேலை வட்டின் கோப்பு முறைமையை என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வகையாக மாற்றுவது! ஏழாம் பதிப்பின் மேஜிக் என்ற புதிய பெயரையே பயன்படுத்துங்கள்.

தமிழருக்கு உண்மையான தேர்வு கோப்புப் பெயரில் வருகிறது. செயலாளர் தம் கோப்புக்கு ‘தைப்பூசம்’ என்று பெயர் வைக்கிறார். சி மொழியில் வழக்கம்போல் எழுதிய நிரலுக்கு அந்தப் பெயரை விண்டோஸ் தன் கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) வழியாக மாற்றிக் கொடுக்கும். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் 1252 என்ற பக்கம் போதும். சீனத்துக்கு 936, 950 என்று தனிப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு பக்கத்தை விண்டோஸ் தரவே இல்லை. நம் மொழி அங்கே யுனிகோடில் மட்டுமே வாழ்கிறது. ஆக, கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் தைப்பூசம், நிரலுக்கு ஒன்பது கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் அல்லவா? கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. கோப்பு திறக்காது. மலாய்க்கார நண்பரின் கணினியில் மலாய்ப் பெயர்களை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. எங்கள் ஊரில் சோதனை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

இந்தத் தேர்வில் சிக்வின் தேறுகிறது. உள்ளே யுனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தை வைத்துக்கொண்டு, விண்டோஸிடம் பேசும்போது அகல யுனிகோடுக்கு மாற்றிவிடுகிறது. டபிள்யூஎஸ்எல்லும் தேறுகிறது. எம்சிஸ்2 நிரல் தேறுவது, அது தரும் கட்டும் சூழல்களில் நீங்கள் எதில் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய மிங்டபிள்யூ64 சூழல் நம்பியிருக்கும் சி நூலகத்துக்கு யூடிஎஃப்-8 ஒத்துவராது. யுசிஆர்டி64 சூழல் விண்டோஸ் 10உடன் வரும் புதிய நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் கட்டி, ‘என் கோட் பேஜ் யூடிஎஃப்-8’ என்று சொல்லும் ஒரு சிறு மேனிஃபெஸ்ட் கோப்பை நிரலுக்குள் பதித்துவிட்டால், 2019இல் வந்த 1903 பதிப்பிலிருந்து விண்டோஸ் அதை மதிக்கிறது. மூல நிரலில் ஒரு வரியும் மாற வேண்டாம். சில வரி எக்ஸ்எம்எல். அதைப் போடாமல் விட்ட பொதி தமிழுக்கு உதவாது.

ஆகவே என் கட்சி இது. நிரலுக்கு ஃபோர்க் தேவையில்லை என்றால், யுசிஆர்டி64இல் கட்டிய ஜிப்பும் பவர்ஷெல் ஸ்கிரிப்டும். ஃபோர்க்கும் (செயல்முறைகளுக்கு அனுப்பும்) சிக்னலும் ஊறிப்போன பழைய யுனிக்ஸ் நிரல் என்றால் சிக்வின், அதன் மந்தத்தோடு. ஓட்டுகிறவரும் கட்டுகிறவரும் ஒருவரே என்றால் டபிள்யூஎஸ்எல். விண்டோஸ் 7 கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு எம்சிஸ்2வின் இன்றைய பதிப்பில் இடமில்லை. அது விண்டோஸ் 10க்குக் கீழே இறங்காது.

ஜிப்பாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு முத்திரை குத்திவைக்கும். கையொப்பமில்லாத நிரலைத் திறந்தால் நீலப் பெட்டி ஒன்று எழுந்து மிரட்டும், செயலாளர் உங்களைக் கூப்பிடுவார். ஜிப்பைப் பிரிப்பதற்கு முன்பே அதன் மேல் வலது சொடுக்கி, பண்புகள் பெட்டியின் அடியில் உள்ள ‘அன்பிளாக்’ கட்டத்தில் குறியிடச் சொல்லுங்கள். பிரித்த பிறகு குறியிட்டால், உள்ளிருந்து வந்த ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.