நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42: பறவையின் கால் தெரிகிறதா?

பைனாகுலர் வாங்க யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், இதுல எவ்ளோ தூரம் தெரியும்?" என்பதுதான். பறவை பார்க்க வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இருபது மீட்டர் தள்ளி நிற்காமல் ஓடுகிற ஒரு வாலாட்டியின் கால் தெரியுமா என்பது. காலின் நிறம் தெரிந்தால் பாதிப் பறவைகளை அடையாளம் சொல்லிவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் வளையம் மாட்டியிருந்தால் அதுவும் காலில்தான் இருக்கும். அதனால் நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42 பற்றி எழுதும்போது இந்த ஒரு அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறேன். மாசி, பங்குனியில் ஏற்காட்டிலும் சேலத்து ஏரிகளிலும் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எண்கள். 8 என்பது எட்டு மடங்கு. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 வரும், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பத்து மடங்கு பைனாகுலரில் அதே 42 இருந்தால் 4.2 தான். கடையில், நடுப்பகலில் இந்த வித்தியாசம் தெரியாது. காலை ஆறரை மணிக்கு, சில்வர் ஓக் நிழலில், பனி இன்னும் விலகாத காப்பித் தோட்டத்தில் நின்று பாருங்கள், நன்றாகவே தெரியும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும் என்பது இன்னொரு காரணம். மலை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எட்டே போதும்.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். அதனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான எண் 20.2 மில்லிமீட்டர். கடைசிக் கண்ணாடியிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளியிருந்தாலும் காட்சி முழுதாகத் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது. கண்குவளையைத் திருகி உள்ளே இறக்கிவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே வட்டம் முழுக்கத் தெரிகிறது. இதற்கு முன் வைத்திருந்த 10×50-இல் (கம்பெனி பெயர் வேண்டாம்) சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். அது உள்ளுக்குள் பூஞ்சையும் பிடித்தது. ஏற்காட்டு ஈரத்துக்கு அடைப்பில்லாத பைனாகுலர் தாங்காது. இந்த பி3-இல் உள்ளே நைட்ரஜன் நிரப்பி, தண்ணீர் புகாமல் அடைத்திருக்கிறார்கள். மேகம் தரையில் இறங்கிவந்து எல்லாம் நனைந்துபோன காலைகளிலும் உட்புறக் கண்ணாடி மங்கவே இல்லை. வெளிக் கண்ணாடியில் நம் மூச்சுபட்டுப் படியும் ஆவி வேறு; அது எந்தப் பைனாகுலரிலும் படியும்.

எடை 600 கிராமுக்குள். விலை பத்தாயிரத்தைத் தாண்டும். இணையத்திலும் கடையிலும் ஒப்பிட்டு வாங்குங்கள். கூடவே தரும் கழுத்துப்பட்டையைவிட, இரண்டு தோளிலும் மாட்டும் வார்ப்பட்டை ஒன்று தனியாக வாங்கிக்கொண்டால் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கினாலும் பைனாகுலர் நெஞ்சோடு ஒட்டியே இருக்கும்.

இனி காட்சிக்கு வருகிறேன். மாசிக் கடைசியில் ஏற்காட்டுத் தோட்டங்களில் முள்முருங்கை இலையெல்லாம் உதிர்த்து, சிவப்பாகப் பூத்து நிற்கும். செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டு எல்லாம் அந்த மரத்தில்தான். அவை இங்கேயே இருப்பவை. நான் தேடுவது கீழே, நடைபாதை ஓரத்து ஈர மண்ணில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியை. குளிர்காலம் முழுக்க நம்மோடு இருந்துவிட்டு, மாசியிலும் பங்குனியிலும் இமயத்தை நோக்கிக் கிளம்பும் பறவை. கிளம்பும் முன் ஆண்பறவையின் தொண்டை மெல்லக் கருக்கத் தொடங்கும். வெள்ளைத் தொண்டையில் கருப்புப் புள்ளிகள் வந்து, ஒன்றோடொன்று கூடி வருவதை இந்தப் பைனாகுலரில் தெளிவாகவே பார்த்தேன். காலும் தெரிந்தது. மஞ்சள் வாலாட்டிக்கும் வெண்புருவ வாலாட்டிக்கும் கால் கருப்பு. சாம்பல் வாலாட்டிக்கு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அந்த இளஞ்சிவப்பு நிழலில்கூடத் தனியாகத் தெரிந்தது என்றால் இந்தக் கண்ணாடி நிறத்தைக் கெடுக்கவில்லை என்று பொருள். அதே தோட்டத்தில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்த கொடிக்கால் வாலாட்டி ஒன்று, வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைத்தது. அதன் நெஞ்சில் உள்ள இரட்டைக் கருப்புப் பட்டையை நிழலில் எண்ணிப் பார்க்க முடிந்தது.

அங்கே தோட்டக் காவல்காரர் ஒருவர் இருக்கிறார். நான் குனிந்து குனிந்து தரையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "மத்தவங்கெல்லாம் மரத்தப் பாக்கறாங்க, நீங்க என்னங்க டீச்சரம்மா குருவி காலையே பாக்கறீங்க?" என்றார். வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். "கொலுசா?" என்று கேட்டார். பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறவருக்கும் உடனே படம் பிடிபட்டது. ஃபோகஸ் சக்கரத்தை ஒருதரம்தான் திருப்பினார். 1000 மீட்டரில் 126 மீட்டர் அகலம் தெரியும் கண்ணாடி இது. இருபது மீட்டரில் கணக்குப் போட்டால் இரண்டரை மீட்டர். பறவையைத் தேடிக் கண்ணாடியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு வளையமிடுவது என்றால் என்னவென்று தெரிவதில்லை. டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் 1899-இல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டித் தொடங்கி வைத்தது இது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக சாலிம் அலி 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வலசைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். நம் கோடியக்கரையில் அதே கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். அங்கே ஒரு குளிர்காலத்தில் வளையமிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொசு உள்ளான் ஒன்றின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அழுத்தாமல் பிடித்து, உள்ளங்கையில் முதுகை வைத்து, திறந்திருக்கும் வளையத்தைக் காலில் வைத்து, துளை போட்ட குறடால் இரு முனையும் சரியாகச் சேரும்படி மூடினார்கள். வளையம் காலில் தளர்வாக ஏறி இறங்குகிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்தார்கள். இறக்கை நீளம், துணிப்பையில் வைத்து எடை, வயிற்றில் கொழுப்பு, இறகு உதிர்ந்து முளைப்பது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிட்டார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் முட்டையிடும் பறவை அது, கைக்குள் அடங்கிவிட்டது.

பிரிட்டனில் 1909-இலிருந்து நடக்கும் திட்டத்தில் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் வார இறுதியில் வலை கட்டி வளையமிடுகிறார்கள். இங்கே அப்படி முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பதே குற்றம். இந்தக் கட்டுப்பாடு சரியென்றே நினைக்கிறேன். ஆக, நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும் பங்கு, யாரோ எங்கேயோ மாட்டிய வளையத்தை நம் ஊரில் கண்டுபிடித்துச் சொல்வது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை கட்டிவிட்ட பட்டைத்தலை வாத்துகள் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் வரை வந்து கண்ணில் பட்டிருக்கின்றன. பார்த்த கண் இல்லாவிட்டால் அந்தப் பட்டைக்கு என்ன பயன்?

இந்த வேலைக்கு பி3 எவ்வளவு தூரம் உதவும் என்பதைக் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சோதித்தேன். கரைக் கம்பியில் ஒரு புறா, காலில் பச்சை வளையம். எட்டு பத்து மீட்டர் தூரம். முழங்கைகளை வண்டியின் சீட்டில் ஊன்றிக்கொண்டு பார்த்தபோது எழுத்தும் எண்ணும் படிக்க முடிந்தது. அது பந்தயப் புறா. புறா வளர்ப்பவர்கள் குஞ்சாக இருக்கும்போதே மூடிய வளையத்தைக் காலில் நுழைத்துவிடுவார்கள். கால் பெருத்த பிறகு கழலாது. சேலத்தில் யாராவது "வளையம் போட்ட பறவை பார்த்தேன்" என்று சொன்னால் முதலில் புறாவா என்று கேளுங்கள்.

மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பில், பண்ணவாடிப் பக்கம், தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் நாட்களில் நிலைமை வேறு. பொரி உள்ளான், பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் நாற்பது ஐம்பது மீட்டருக்கு அப்பால்தான் மேயும். அந்தத் தூரத்தில் காலின் நிறம் தெளிவாகத் தெரிகிறது. நிறக்கொடி (வளையம்போலக் காலில் மாட்டும் சிறு வண்ணப் பிளாஸ்டிக் பட்டை) இருந்தால் இருப்பதும் அதன் நிறமும் தெரியும். கொடியில் உள்ள எழுத்து தெரியாது. உலோக வளையத்தில் உள்ள எண்ணை எந்தக் கைப் பைனாகுலரிலும் அந்தத் தூரத்தில் படிக்க முடியாது. அதற்கு முக்காலியில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் அல்லது நீள லென்ஸ் கேமரா வேண்டும். பதினொரு மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பத் தொடங்கினால் எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கண்ணாடியும் பலிக்காது. அதற்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதில் மிக அருகே ஃபோகஸ் ஆவது 3 மீட்டரில். பறவைக்கு அது தாராளம். வண்ணத்துப்பூச்சியையும் தும்பியையும் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகும் வேறொன்றைத் தேடுவது நல்லது.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக வையுங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குவளைக்குக் கீழே உள்ள வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக உள்ளவர்களுக்கு இதைச் செய்யாவிட்டால் அரைமணி நேரத்தில் தலைவலி வரும், பழி பைனாகுலர் மேல் விழும். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். "ஐம்பது மடங்கு" என்று எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்பவற்றைப் பிள்ளைகளுக்குக்கூட வாங்கிக்கொடுக்காதீர்கள். பறவை பார்க்கும் ஆசையே போய்விடும். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து, பள்ளிக்கு ஒரு நல்ல எட்டு மடங்கு வாங்கி எல்லாரும் மாறி மாறிப் பார்க்கலாம்.

வளையமோ கொடியோ கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு கொடி இருந்தால் எது மேலே, எழுத்து தெரிந்தால் அது, தேதி, இடம். நமக்கு முழங்கால் மாதிரித் தெரியும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால்; நீங்கள் எழுதும்போது "மூட்டு" என்று எழுதினாலே போதும், புரிந்துகொள்வார்கள். மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் மாட்டிய உலோக வளையத்தின் மேலேயே அவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லிப் பொறித்திருக்கும். செத்த பறவையின் காலில் கிடைத்தாலும் இதே முறைதான். பறவையைத் துரத்தியோ பிடித்தோ வளையத்தைப் படிக்க முயலாதீர்கள். சாம்பல் வாலாட்டிகள் பங்குனிக்குள் கிளம்பிவிடும். ஆறுமணிக்குருவி சித்திரை வரை தங்கும், அதற்குள் ஏற்காட்டுக்கோ குப்பனூர்ப் பாதைக்கோ ஒரு காலை போய்வர நேரம் இருக்கிறது.