முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்: கோனியோமீட்டரா, காலில் கட்டும் சென்சாரா?

முழங்கால் மாற்று அறுவை முடிந்து வருபவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் எங்கள் சிறிய இயன்முறை மருத்துவ நிலையத்தில், மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பதை அளக்கப் பல ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கோனியோமீட்டர் (மூட்டின் கோணத்தை அளக்கும் இரு கை கொண்ட கோணமானி) ஒன்றே போதுமானதாக இருந்தது. சென்ற ஆண்டு, தொடையில் ஒன்றும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமாகக் கட்டும் இரட்டை அசைவு சென்சார்களை வாங்கினோம். இன்று எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் சென்சாரையே சொல்வேன். ஆனால் கோனியோமீட்டர் இல்லாமல் அதைத் தொடவும் மாட்டேன்.

கோனியோமீட்டரின் மலிவையும் எளிமையையும் விளக்கத் தேவையில்லை. ஒரே காலை இருவர் அளந்தால் 5 டிகிரி வரை வேறுபடக்கூடும் என்பதும் தெரிந்ததே. உடலெங்கும் ஒளி எதிரொளிக்கும் குண்டுகளை ஒட்டி, அகச்சிவப்பு கேமராக்களின் நடுவே நடக்கவைக்கும் ஆய்வகம் துல்லியத்துக்கு உரைகல்தான். ஆனால் அதற்கான இடமும் பணமும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது.

சென்சார் பக்கம் என்னைச் சாய்த்தது, கோனியோமீட்டர் படுக்கையில் கிடக்கும் காலைத்தான் அளக்கிறது என்ற ஒரே காரணம். சமதரையில் நடக்கும்போது, கால் தரையைவிட்டு எழுந்து முன்னே வரும் நேரத்தில் முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்கவேண்டும். அறுவை முடிந்து ஆறாவது வாரத்தில் வந்த ஓர் அம்மாவுக்குக் கட்டிலில் 110 டிகிரி மடங்கியது. சென்சாரைக் கட்டி நடக்கவைத்தபோதோ திரையில் ஏறிய கோடு 40 டிகிரியைத் தாண்டவில்லை. "வலி இல்லப்பா, மடக்கினா விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு" என்றார். மடக்கும் பயிற்சியைக் குறைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி காலைத் தூக்கி வைக்கும் நடைப்பயிற்சிக்கு மாறினோம். கோனியோமீட்டர் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அவருக்குக் குறையே இல்லை என்று அனுப்பியிருப்பேன்.

இனி, வாங்க நினைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது பூஜ்ஜியம். எங்கள் கருவியில் அளவைத் தொடங்குமுன் நோயாளியை நேராக நிற்கச் சொல்கிறோம்; நாம் வேறு எண் கொடுக்காவிட்டால் அந்த நிலையையே கருவி 0 டிகிரி என்று பதிவு செய்துகொள்ளும். அறுவைக்குப் பின் பலருக்கு முழங்கால் முழுதாக நீளாது. 10 டிகிரி மடங்கியபடியே நிற்பவரையும் கருவி நேராக நிற்பவராகவே எடுத்துக்கொள்ளும். அதனால் நீட்டுவதில் உள்ள குறை திரையிலிருந்து மறைந்துபோவதோடு, உண்மையில் 60 டிகிரி மடங்கும் கால் 50 என்று காட்டும். அடுத்த மாதம் அந்தக் குறை 4 டிகிரியாகச் சுருங்கினால், மடக்கம் சிறிதும் மாறாதிருந்தும் திரையில் அது 56 ஆகி, இல்லாத முன்னேற்றம் ஒன்று தோன்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் நிற்கும் நிலையில் கோனியோமீட்டரால் அளந்து, அந்த எண்ணைத் தொடக்க அளவாகக் கொடுத்த பிறகே நடக்கவைக்கிறோம். மேலே சொன்ன 40 டிகிரியும் அப்படிப் பெற்றதுதான்.

கட்டும் இடமும் அதே அளவு கவனம் கேட்கிறது. கீழ்ச் சென்சாரை, சதை குறைவாக உள்ள முன்கால் எலும்பின் தட்டையான உட்பக்கத்தில் வைத்தால் ஆட்டம் குறையும். தொடையில் தசை குலுங்குவதைத் தவிர்க்க முடியாது. வீக்கம் வடிய வடியப் பட்டை தளர்ந்து கீழே சரியும் என்பதால், முழங்கால் சில்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிக் கட்டினோம் என்பதை நோயாளியின் அட்டையில் எழுதிவைக்கிறோம். காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் காந்தமானி உள்ள சென்சாராக இருந்தால் இரும்புக் கட்டிலுக்கு அருகே அளக்கக்கூடாது.

இவை அனைத்தும் முழங்காலுக்குப் பொருந்தும். தோள் அறுவை செய்த மிகச் சிலரிடமே நாங்கள் இதைக் கட்டிப் பார்த்திருக்கிறோம். கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பும் உடன் நகர்வதால், வந்த எண்களை நம்பி எந்த முடிவும் எடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.