சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா: எதை நம்பி வாங்குவது?

ஹார்ட் டிஸ்க் வாங்க யோசனை கேட்டால் பெரும்பாலும் பதிலாகக் கிடைப்பது ஒரு சபதம். பத்து வருடமாக இந்த நிறுவனம்தான், ஒன்றுகூடக் கெட்டதில்லை என்பார் ஒருவர். அதே நிறுவனத்தின் பக்கமே போகாதே என்பார் அடுத்தவர். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து கையாண்டது மொத்தம் ஏழெட்டு வட்டுகளாக இருக்கும். ஆண்டுக்கு நூற்றில் ஒன்றோ இரண்டோ பழுதாகும் ஒரு பொருளைப் பற்றி ஏழெட்டு வட்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நானும் அப்படியொரு சபதத்தோடு இருந்தவன்தான். பல வருடம் நம்பிய நிறுவனத்தின் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டக், டக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நான்கு வருடப் புகைப்படங்கள் அதோடு போயின. வேறு நகல் இல்லை. அதற்குப் பிறகுதான் வாய்வழிப் புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்கு உறுதியானது இதுதான்: நம்பகத்தன்மை நிறுவனத்தின் பெயரில் இல்லை, வட்டின் மாதிரி எண்ணில் இருக்கிறது.

மூன்றே பேர்

கடையில் எத்தனை பெயர்களைப் பார்த்தாலும், இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்கள் விற்கும் வெளிப்புறப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இந்த மூவரில் ஒருவரின் வட்டுதான் சுழன்றுகொண்டிருக்கும். குவாண்டத்தை மேக்ஸ்டர் வாங்கியது. மேக்ஸ்டரை 2006-இல் சீகேட் வாங்கியது. சாம்சங்கின் வட்டுப் பிரிவும் 2011-இல் சீகேட்டிடமே போய்ச் சேர்ந்தது. ஃபுஜிட்சுவின் பிரிவை 2009-இல் தோஷிபா எடுத்துக்கொண்டது.

இந்தக் குடும்ப வரலாற்றில் ஐபிஎம் கிளையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி, கொத்துக் கொத்தாகப் பழுதாகி ‘டெத்ஸ்டார்’ என்றே பெயரெடுத்தது, வழக்குவரை போனது. அடுத்த சில ஆண்டுகளில் ஐபிஎம் அந்தத் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்றுவிட்டது. அதே டெஸ்க்ஸ்டார் பெயரில் ஹிட்டாச்சி செய்த வட்டுகள்தான், பத்து ஆண்டுகள் கழித்து, மிகக் குறைவாகப் பழுதாகும் வட்டுகள் என்று பெயர் வாங்கின. பின்பு 2012-இல் அந்த நிறுவனம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கைக்கு வந்தது. போட்டி குறைந்துவிடக் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த நிபந்தனையால் 3.5 அங்குல வட்டுத் தயாரிப்பின் ஒரு பகுதி தோஷிபாவுக்குப் போனது. தோஷிபாவின் அப்போதைய மேசைக்கணினி வட்டுகள் ஹிட்டாச்சி வடிவமைப்பின் வழிவந்தவை. ஆகவே, “எனக்கு ஹிட்டாச்சி மேல் நம்பிக்கை, தோஷிபா மேல் இல்லை” என்று அன்று சொன்னவர் ஒரே தாய் பெற்ற பிள்ளைகளைத்தான் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எண்கள் சொல்வது

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க மேகச் சேமிப்பு நிறுவனம், தான் ஓட்டும் வட்டுகளில் எந்த மாதிரி எவ்வளவு பழுதாகிறது என்ற தகவலை 2013 முதல் திரட்டிப் பொதுவில் வைக்கிறது. இன்று அது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளின் கணக்கு. ஒட்டுமொத்த ஆண்டுப் பழுது விகிதம் 2023-இல் 1.70 சதவீதம், 2024-இல் 1.57 சதவீதம். தரவு மையத்தில் இரவும் பகலும் ஓடும் வட்டுகளின் கணக்கு இது. வீட்டுக் கணினிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இதைவிடப் பெரிய பொதுக் கணக்கு நமக்குக் கிடைப்பதில்லை.

அந்தக் கணக்கில் சீகேட்டின் பெயரைக் கெடுத்தது முக்கியமாக ஒரு மாதிரி, 3 டெராபைட் எஸ்டி3000டிஎம்001. 2012-இல் பொருத்திய அந்த வட்டுகளில் 2015 மார்ச் இறுதியில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. பயங்கரமான எண்தான். ஆனால் அதே சீகேட்டின் 4 டெராபைட் மேசைக்கணினி வட்டு அதே நிறுவனத்தில் பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. இன்னும் தெளிவான உதாரணம் 14 டெராபைட் எக்ஸோஸ் வட்டுகள். ஒன்றின் எண் எஸ்டி14000என்எம்001ஜி, மற்றதன் எண் எஸ்டி14000என்எம்0138. கொள்ளளவும் நிறுவனமும் வரிசையும் ஒன்றே. ஆனால் இரண்டாவதன் பழுது விகிதம் முதலாவதைப்போலப் பல மடங்கு. ‘சீகேட் நல்லதா?’ என்ற கேள்விக்கு இந்த இரண்டில் எதைக் காட்டி விடை சொல்வது?

பொதுப்போக்கைக் கேட்டால், பெரிய கொள்ளளவில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் அல்ட்ராஸ்டார் வட்டுகள் மிகக் குறைந்த பழுதோடு முன்னால் நிற்கின்றன. ஹிட்டாச்சி வழிவந்த வரிசை அது. தோஷிபா நடுவில், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல். சீகேட்டில் மிக நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. அதனால் சீகேட் வாங்குகிறவர்தான் மாதிரி எண்ணை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டியவர்.

உயர்ரக வட்டுகளின் விவரத்தாளில், பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரமாகப் போட்டிருக்கும் 25 லட்சம் மணி நேரம் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது 285 ஆண்டு ஆயுள் என்று பொருளாகாது, ஆண்டுக்கு 0.35 சதவீதம் பழுதாகும் என்ற தயாரிப்பாளரின் மதிப்பீடு. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மதிப்பீடுகள் 0.88 சதவீதத்தைத் தாண்டாத இடத்தில், உண்மையில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீத வட்டுகள் மாற்றப்பட்டன. சில இடங்களில் அது 13 சதவீதம்வரை போனது.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் சறுக்கல்

வெஸ்டர்ன் டிஜிட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் 2020 ஏப்ரலை நினைவில் வைத்திருக்க வேண்டும். நாஸ் பெட்டிகளுக்கென்றே, அதாவது பல வட்டுகளைச் சேர்த்து நெட்வொர்க் வழியே பகிரும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே, விற்கப்பட்ட ரெட் வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான மாதிரிகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது அப்போது வெளியே வந்தது.

எஸ்எம்ஆர் என்பது ஓடு வேய்வதைப் போன்றது. தரவு எழுதும் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தனியாக இல்லாமல், ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறி நிற்கும். அதே தட்டில் கூடுதல் தரவு கொள்ளும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் கழற்றி மறுபடி வேய வேண்டும் அல்லவா? வட்டும் அதையேதான் செய்கிறது. படிப்பதில் குறை தெரியாது. தொடர்ந்து எழுதும்போது மூச்சுத் திணறும். நாஸ் பெட்டியில் ஒரு வட்டு கெட்டு, புதிய வட்டைச் செருகி, மற்றவற்றிலிருந்து தரவை மீட்டெழுதும் வேலை மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் நீளும். அந்த நேரத்தில் எஸ்எம்ஆர் வட்டு பதில் சொல்லாமல் நின்றால், இதுவும் செத்துவிட்டது என்று முடிவு செய்து பெட்டி அதை வெளியே தள்ளிவிடும். மிகவும் பாதுகாப்பு தேவைப்படும் நேரத்தில் பாதுகாப்பு அறுந்துபோகிறது. இதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் மறைத்தது மன்னிக்கக்கூடியதில்லை என்பதே என் எண்ணம்.

அதன் பிறகு அந்த நிறுவனம் பெயர்களைப் பிரித்தது. ரெட் என்றால் எஸ்எம்ஆர். ரெட் பிளஸ், ரெட் புரோ என்றால் தடங்கள் மேலேறாத பழைய சிஎம்ஆர் முறை. ‘பிளஸ்’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது. மற்ற இருவரும் சுத்தமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மேசைக்கணினி வட்டுகளில் சீகேட்டும் தோஷிபாவும் எஸ்எம்ஆர் முறையைப் பயன்படுத்தியதும் அப்போதே தெரியவந்தது. ஆனால் நாஸுக்கான அயன்வுல்ஃப் வரிசையில் அதைச் சீகேட் புகுத்தவில்லை. அந்த விஷயத்தில் என் மதிப்பெண் சீகேட்டுக்கே.

வரிசைக்கு எதிரே வரிசை

ஒப்பிட வேண்டியது ஒரே படியில் இருப்பவற்றைத்தான். கீழ்ப்படியில் சீகேட் பாரகுடா, வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ, தோஷிபா பி300. மூன்றுக்கும் பொதுவாக இரண்டு ஆண்டு வாரண்டி. திரைப்படங்களையும் பழைய கோப்புகளையும் போட்டுவைக்க எதுவும் போதும். அந்த மாதிரி எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று மட்டும் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிராண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

நடுப்படியில் அயன்வுல்ஃப், ரெட் பிளஸ், என்300. மூன்றுக்கும் மூன்று ஆண்டு வாரண்டி, ஆண்டுக்கு 180 டெராபைட் வரை எழுதிப் படிக்கும் வேலைச்சுமை. கீழ்ப்படி வட்டு ஒரு கெட்ட பகுதியைப் படிக்க நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். இவை ஏழு விநாடி அளவில் கைவிட்டு, பக்கத்து வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடும். பல வட்டுகள் சேர்ந்து ஓடும் பெட்டிக்கு இந்தக் குணம்தான் முக்கியம். படுக்கையறையில் வைப்பதாக இருந்தால் ரெட் பிளஸின் சிறிய கொள்ளளவுகள் அமைதியானவை. என்300 வேகமானது, சத்தமும் அதிகம். தரவு மீட்புச் சேவையைச் சேர்த்தே தருவது அயன்வுல்ஃபின் தனிப் பலம். நான் தேர்ந்தெடுத்தது ரெட் பிளஸும் என்300-உம், ஒவ்வொன்று. இரண்டு வேறு தயாரிப்பாளர்களிடம் வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரே நாளில், ஒரே தொகுதியில் செய்த வட்டுகளில் ஒரே குறை இருந்தால் இரண்டும் அருகருகே சாய்ந்துவிடலாம்.

மேல்படியில் எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார் அல்லது கோல்டு, தோஷிபாவின் எம்ஜி. ஐந்து ஆண்டு வாரண்டி, 550 டெராபைட் சுமை. பெரிய கொள்ளளவில் இவற்றின் விலை நடுப்படியைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் தயங்காமல் வாங்கலாம். சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படியில்தான் 2025 தொடக்கத்தில் ஒரு மோசடி வெளிப்பட்டது. தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் வட்டுகள், வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் ஓடிய நேரம் பூஜ்யமாக்கப்பட்டு, புதியவை என்ற பெயரில் கடைகளுக்கு வந்திருந்தன. சீகேட் வட்டுகளுக்குள் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு இருந்ததால்தான் உண்மையான மணிக்கணக்கு தெரிந்தது. சீகேட் வாங்கினால் ஸ்மார்ட்டோடு அந்தப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நிறுவனமானாலும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து வாரண்டி எப்போது தொடங்கியது என்று சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கையடக்க வட்டுகளைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யுஎஸ்பி இணைப்பு வட்டின் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தரவும் அதே பலகையில் குறியாக்கம் செய்யப்படுகிறது. இணைப்பு உடைந்தால் உள்வட்டைக் கழற்றிக் கணினியில் நேரடியாகச் செருகிப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும். இருக்கும் ஒரே நகலை இப்படிப்பட்ட வட்டில் வைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும், தரவைப் போடும் முன் வட்டு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய வட்டானால் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். பிறகு ஸ்மார்ட் பட்டியலில் 5, 187, 197, 198 என்று எண்ணிட்ட வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போன பகுதிகளையும் சரிசெய்ய முடியாத பிழைகளையும் எண்ணிக் காட்டுபவை அவை. கூகுள் தன் வட்டுகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மேற்பரப்புப் பிழை தென்பட்ட வட்டு அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் அறிகுறி எதையும் காட்டவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. புதிய வட்டில் அந்த நான்கில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.