பெல்ட்டில் இருந்த கோடு: ஏழு வருஷம் ஓட்டிய செகண்ட்ஹேண்ட் ஸ்விஃப்ட்

சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது 2025 செப்டம்பர் 22-இல். அடுத்த வாரமே தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், நீங்க பழைய வண்டி வாங்கி ஏழு வருஷம் ஓட்டிட்டீங்க. நான் புதுசு எடுக்கட்டுமா, உங்கள மாதிரி செகண்ட்ஹேண்டே பாக்கட்டுமா?" அரை மணி நேரம் பேசினோம். நேராக ஒரு பதில் என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருப்பதை எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், டிஎன் 09 பதிவு. 2018 அக்டோபரில் சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் 3 லட்சத்து 65 ஆயிரத்துக்கு வாங்கித் திருச்சிக்கு ஓட்டி வந்தேன். அப்போது 41,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். இன்று மீட்டரில் 1,24,000.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அந்த 1.2 லிட்டர் கே12, நான்கு சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசியும் போட்டு மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டிப் போகும்போது நாலாவது கியரிலேயே முனகாமல் இழுக்கும். டைமிங் செயின் என்பதால் டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது. ஏழு வருஷத்தில் எஞ்சினுக்குள் ஸ்பேனர் போனதில்லை. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், அவ்வளவுதான். 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்டில் மூன்று சிலிண்டர். மைலேஜ் அதில்தான் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வழுவழுப்புக்குக் கை பழகிவிட்டது.

இன்னொரு சந்தோஷம், வாங்கும்போது நான் எதிர்பார்க்காதது. பெரிய கடை வீதியில் பைக்காரர் ஒருவர் ஹேண்டில்பாரால் பின்கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டார். இறங்கிப் பார்த்தேன், ஏறிப் போய்விட்டேன். இதே புது வண்டியாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. இந்த நிம்மதிக்கு நான் விலை போட்டதே இல்லை, ஆனால் அது பெரியது.

கணக்கும் பழைய வண்டி பக்கம்தான். 2018-இல் இதே ஸ்விஃப்ட் புதுசாக எடுத்தால் ஆன்-ரோடு 7 லட்சத்தை ஒட்டி வந்தது. வாழ்நாள் சாலை வரியை முதல் ஓனரே கட்டிவிட்டார், மாநிலத்துக்குள்ளேயே கைமாறியதால் எனக்கு அது இல்லை. கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஏசி கூலிங் காயில், அப்புறம் நான் இனி சொல்லப்போகும் வயரிங் வேலை, எல்லாம் சேர்த்துப் பழையது என்பதற்காகக் கூடுதலாகச் செலவழித்தது ஒரு லட்சத்தைத் தொடவில்லை. டயரும் பாட்டரியும் புது வண்டிக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும், அதை இதில் சேர்க்கவில்லை.

சரி, வயரிங்.

வாங்கிய முதல் ஐப்பசியிலேயே ஆரம்பித்தது. அடைமழை பிடித்த இரண்டாம் நாள் ராத்திரி, போர்டிகோவில் நின்ற வண்டிக்குள் இருந்து டக், டக் என்று சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போனால் ஆள் இல்லை, பூனை இல்லை. சென்ட்ரல் லாக் தானாகவே பூட்டித் தானாகவே திறந்துகொண்டிருந்தது. உள்விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. காலையில் பாட்டரி செத்துக் கிடந்தது. எதிர்வீட்டுத் தம்பியோடு தள்ளி ஸ்டார்ட் செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்துவிட்டது, லாக் ஒழுங்காக வேலை செய்தது. "எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொரு மழைக்கும் இதே கதை. மழை நின்று நாலு நாள் காய்ந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அடுத்த மழைக்கு ஜன்னல் கண்ணாடி பாதியில் நிற்கும், அல்லது இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் லேசாக முனகும். ஒருவர் பாட்டரியை மாற்றினார், ஒருவர் லாக் மாட்யூலை மாற்றினார், இன்னொருவர் ரிமோட்டே வேண்டாம் என்று வயரைக் கழற்றிவிட்டார். கூடவே ஒரு வாடை. ஏசி போட்ட முதல் இரண்டு நிமிஷம் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். ஏசி ஃபில்டரை மாற்றினேன், உள்ளே முழுக்க ஷாம்பூ வாஷ் செய்தேன், போகவில்லை.

2022-இல் தென்னூரில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் ஃபியூஸ் பாக்ஸைத் திறக்கவே இல்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க தம்பி" என்றார். இழுத்தேன். நாம் பெல்ட் போடும்போது பாதிதான் வெளியே வரும். மீதி எப்போதும் உருளைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். அந்தக் கடைசி ஒரு முழத்தில், சாம்பல் நிறப் பட்டையின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் பட்டை மெத்தென்று இருந்தது. மறுபக்கம் கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டி மாதிரி விறைப்பு.

"தண்ணியில நின்ன வண்டி தம்பி இது."

சீட்டைக் கழற்றி, கார்பெட்டை உரித்தார். மேலே சுத்தமான கார்பெட். அடியில் இருந்த ஃபெல்ட் ஈரம் குடித்துக் கறுத்திருந்தது. கதவோரம் வயர்க்கட்டு ஓடும் பள்ளத்தில் விரலை விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினார். மாவு மாதிரி மென்மையான வண்டல். டிரைவர் கால் பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், வயர்கள் ஒன்றோடொன்று இணையும் கப்ளர்களில் பின்கள் களிம்பேறிப் பச்சை பூத்திருந்தன. வெயிலில் அந்தக் களிம்பு காய்ந்து சும்மா இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அதன் வழியே ஒரு பின்னில் இருந்து அடுத்த பின்னுக்குக் கரன்ட் கசியும். லாக் மோட்டாருக்கு யாரோ சுவிட்சை அழுத்தின மாதிரி ஆகிவிடும். நாலு வருஷம் எனக்குப் புரியாதது நாலே வாக்கியத்தில் புரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து கப்ளர்களை வெட்டி, வயருக்கு வயர் சால்டர் செய்து, எர்த் பாயின்டைச் சுரண்டி புதுசாகப் போட்டுக் கொடுத்தார். 7,400 ரூபாய். மூன்று மழைக்காலம் சத்தமே இல்லை. 2025 அக்டோபரில் மறுபடியும் டக், டக். இந்த முறை இடது பக்கக் கப்ளர், 3,200 ரூபாய்.

2022-இல் அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி வண்டியின் பழைய ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். ஆர்சியில் முதல் ஓனரின் விலாசம் ஜாஃபர்கான்பேட்டை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்தபோது மூழ்கிய பகுதிகளில் ஒன்று. அது எனக்குத் தெரியாத செய்தியா? டிவியில் பார்த்துப் பதறியவன்தான். விலாசத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அதைவிட மனசைக் குடைந்தது இன்ஷூரன்ஸ் காகிதங்கள். முதல் ஓனரான பெரியவர் எல்லா வருஷத்து பாலிசியையும் வரிசையாக வைத்திருந்தார். 2015 ஜூன் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 20 சதவீதம். அடுத்த வருஷம் அது 25 ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் கிளெய்ம் வாங்காவிட்டால் அது 20, 25, 35, 45, 50 என்றுதான் ஏறும். 2016 ஜூன் பாலிசியில் பூஜ்ஜியம். நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். வண்டி வாங்கிய நாளில் இருந்தே அந்தக் காகிதம் என் பீரோவில் இருந்தது. நான் பார்த்தது நடப்புப் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்.

இங்கேதான் எனக்குக் கோபமும் நியாயமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. புரோக்கர் விஷயத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. "பெரியவர் வண்டி சார், மழையில கூட எடுத்ததில்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர். தெரிந்தே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பொய்க்குக் கூலியாக என்னிடம் இரண்டு சதவீதம் கமிஷனும் வாங்கிக்கொண்டார். பெரியவரை நினைத்தால்தான் கை ஓங்க மாட்டேன் என்கிறது. காபி கொடுத்து, இரண்டாவது சாவியை மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கொடுத்தவர். வண்டியைப் பேர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்துப் போட்டார். மறைக்க வேண்டும் என்றிருந்தால் அந்த ஒரு காகிதத்தை உருவியிருக்கலாம். உருவவில்லை. ஆனால் வாய் திறந்தும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? 40 ஆயிரம் குறைத்துக் கேட்டிருப்பேன், ஒருவேளை வாங்கியும் இருப்பேன். என் கார்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்கியிருப்பேன். அந்த நாலு வருஷம், அந்த ராத்திரிகள் இருந்திருக்காது.

இப்போது யாராவது பழைய வண்டி பார்க்கப் போனால் நான் இவ்வளவுதான் சொல்வேன். பெயின்டைப் பார்ப்பதற்கு முன் நாலு பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியைப் பாருங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். டயரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு வருஷம், முதல் இரண்டு வாரம். 30,000 ஓடிய வண்டி என்பவரிடம் டயர் இரண்டாவது செட்டாக இருந்தால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்கிப் போனஸ் சதவீதம் இறங்கிய வருஷத்தைத் தேடுங்கள். பணம் கொடுத்த கையோடு ஆர்சியைப் பேர் மாற்றுங்கள், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள். விற்பவருக்கும் இது முக்கியம். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இனி, அன்று போனில் சொல்ல முடியாமல் பிறகு மாப்பிள்ளைக்கு நான் சொன்ன பதில். இவ்வளவு கணக்கும் பழைய வண்டி பக்கம் நிற்கும்போதும், புதுசு எடுங்கள் என்றுதான் சொன்னேன். 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. முன்பு 7 லட்சம் இருந்த வண்டியில் 60 ஆயிரம் வரை குறைகிறது. மாநில சாலை வரி 13 சதவீதம் கட்டத்தான் வேண்டும், அது கசக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வண்டிகள் இ20 பெட்ரோலுக்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை. என் வண்டி அதற்கு முந்தையது, அதனால் அதன் ரப்பர் ஹோஸ்களை நான் இப்போது வருஷாவருஷம் பார்க்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தக் காரணங்களுக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. இன்னொரு புரோக்கர் முகத்தைப் பார்த்து நம்புவதற்கு எனக்கு மனசில்லை, என் தங்கைக்காகக்கூட.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உங்க ஸ்விஃப்டையே எனக்குக் குடுத்துடுங்க மச்சான். எல்லாம் தெரிஞ்ச வண்டி, சரி பண்ணின வண்டி. நீங்க புதுசு எடுத்துக்கங்க" என்றார்.

யோசித்தால் அதைவிட நல்ல செகண்ட்ஹேண்ட் வண்டி அவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு வயரும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டியில் ஏர்பேக் ஒன்றுகூட இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்பு அமைப்பு மோதிப் பார்த்து, பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியம் நட்சத்திரம் கொடுத்தது. புது ஸ்விஃப்டில் ஆறு ஏர்பேக், அடிப்படை மாடலில் இருந்தே. தங்கை மகளுக்கு மூன்று வயது. மீதி இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்த பெல்ட், அதில் அந்தக் கோடு.

தரமாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். தங்கையும் போன் செய்து, "உன் வண்டியக் கேட்டா இப்படிச் சொல்றியே அண்ணா" என்றாள். தீபாவளிக்கு வரும்போது பெல்ட்டை இழுத்துக் காட்டுகிறேன், வா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.